பின்கதவுக் குளவிகள்

வேலிப் பலகையை யாரோ நகத்தால் விடாமல் சுரண்டுவதுபோல ஒரு சத்தம், மெல்லியதுதான், ஆனால் ஒருமுறை கேட்டுவிட்டால் காதைவிட்டுப் போகாதது, அந்த மே மாதம் முழுக்க எங்கள் வீட்டுப் பின்வளவில் கேட்டுக்கொண்டே இருந்தது. அணிலாக்கும் என்று தேடிப்போன நான், பனியிலும் மழையிலும் நரைத்துப்போன பலகையில் கறுப்பு உடம்பும் வெள்ளை முகமுமாக ஒரு குளவி தலைகீழாக நின்று மரத்தைக் கடித்து உருட்டுவதைக் கண்டேன். ஓடிவந்து கதவைச் சாத்திவிட்டேன். எனக்கு அப்போது ஒன்பது வயது. பயந்தாங்கொள்ளி என்று வீட்டில் பெயர் வாங்கியவள். அந்தப் பெயரை இன்றைக்கும் கெடுக்காமல் காப்பாற்றி வருகிறேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து மூன்று வருடமாகி, ஸ்காபரோவில் வோபர்ன் பக்கம் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். அப்பாவுக்கு டவுன்ரவுனில் கட்டட வரைபடம் கீறும் வேலை. இன்றைக்கு அந்த வீதியில் தடுக்கி விழுந்தால் ஒரு தமிழர் மேல்தான் விழவேண்டும். அன்றைக்கோ என்னையும் அப்பாவையும் விட்டால் அம்மாவுக்குத் தமிழில் வாய் திறக்க ஆள் இல்லை. எனக்குப் பிறகு அவருக்கு இரண்டு பிள்ளைகள் "தங்கேல்லை". ஒன்று ஊரில், மற்றது இங்கே வந்த முதல் குளிர்காலத்தில். அந்த மே மாதம் மறுபடி வயிற்றில் மூன்று மாதம். படியிறங்கும்போதுகூட ஒரு கையால் வயிற்றைப் பிடித்தபடிதான் இறங்குவார்.

பின்கதவுக்கு மேலே தாழ்வாரத்தில் தொங்கிய கூட்டை முதலில் கண்டவர் அப்பா. சாம்பல் நிறக் காகிதத்தால் செய்ததுபோல, உள்ளங்கைக்குள் அடங்கும் தேசிக்காய் அளவில் இருந்தது. அதைத் தட்டிவிடத் தும்புத்தடியை எடுத்தவரின் கையை அம்மா ஓடிவந்து பிடித்துக்கொண்டார்.

"ஐயோ, உதைத் தொடாதையுங்கோ! குளவி கூடு கட்டின வீட்டிலை பிள்ளை தங்கும். கலைச்சால் பழி."

"உமக்கென்ன விசரே? ஊரிலை கட்டுறது மண் கூடு, அது ஒரு சாது. இது வேறை நாட்டுக் குளவி. எங்கடை சாத்திரம் உதுக்குத் தெரியுமே?"

"தெரியாட்டிப் போகட்டும். எனக்குத் தெரியும்தானே" என்றார் அம்மா.

அப்பா தும்புத்தடியைச் சுவரில் சாத்திவிட்டு உள்ளே போனார். இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்த மனுசியோடு எந்த மனுசன்தான் வாதாடி வெல்வது?

அம்மாவின் வயிறு வளர வளர அந்தக் கூடும் வளர்ந்தது. தோடம்பழமாகி, தேங்காயாகி, ஆகஸ்ட் மாதத்தில் ஒரு பூசணிக்காய் அளவுக்கு வந்து, அடியில் விரல் நுழையும் ஓட்டையால் குளவிகள் ஓயாமல் போவதும் வருவதுமாக இருந்தன. பின்கதவு பூட்டப்பட்டது. துவைத்த உடுப்புகள் நிலவறையில் கயிறு கட்டிக் காயவிடப்பட்டன. ஓடக்கூடாது, கத்தக்கூடாது, கையை வீசி நடக்கக்கூடாது. யன்னலுக்கு வெளியே அந்த "ங்ங்" என்ற இரைச்சல் கேட்டாலே எனக்குத் தலைமயிர் குத்திட்டு நிற்கும். குளிக்கும்போது கேட்டால் சவர்க்காரத்தோடு ஓடிவந்துவிடுவேன்.

ஜூலையில் ஒருநாள் வளவில் உருண்டுபோன பந்தை எடுக்கப்போனபோது காதுக்குக் கீழே ஒன்று கொட்டிவிட்டது. பழுக்கக் காய்ச்சிய ஊசி என்பார்களே, அதேதான். கழுத்து வீங்கி வாய் கோணிப்போயிற்று. பூசுவதற்குச் சுண்ணாம்புக்கு எங்கே போவது, அம்மா பற்பசையை அள்ளிப் பூசிக்கொண்டே என்னைத்தான் பேசினார்: "நீ ஏன் அதுகளிட்டைப் போனனீ? அதுகள் தங்கடை பாட்டிலை கிடக்குதுகள்." என்னைவிட அந்தக் குளவிகள்தான் அவருக்குப் பெரிது என்று நினைத்து அன்றைக்கு நான் அழுத அழுகையில், கொட்டியதற்காக அழுதது கொஞ்சம்தான்.

ஆகஸ்ட் முடிவில் பக்கத்து வீட்டு மிஸிஸ் டோரா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து அப்பாவுக்கு ஆறுதல் சொன்னார். அறுபது வயது தாண்டிய, தக்காளி வளர்க்கிற மனுசி. கவலைப்படாதே, ஒக்டோபரில் முதல் உறைபனி விழுந்ததும் எல்லாம் செத்து விழுந்துவிடும், இளம் ராணிகள் மட்டும் எங்காவது போய் ஒளிந்து பிழைக்கும், இந்தக் கூட்டுக்குத் திரும்பி ஒன்றும் வராது என்றார். நல்ல செய்தி சொன்ன திருப்தியோடு அப்பாவின் கையில் இரண்டு தக்காளியும் வைத்தார். அப்பாவின் முகம் வெளுத்ததை அவர் கவனித்திருக்கமாட்டார். எனக்கும் ஆங்கிலம் விளங்கும் என்பது அப்பாவுக்கு அப்போதுதான் நினைவு வந்திருக்கவேண்டும். தோளைப் பிடித்து என்னைத் தன் பக்கம் திருப்பினார்.

"அம்மாவுக்குச் சொல்லிப்போடாதை, குஞ்சு."

அன்றோடு என் பயம் தலைகீழாகிவிட்டது. அதுவரை குளவி கொட்டுமே என்று பயந்தேன். இனி அது செத்துவிடுமே என்று பயந்தேன். தம்பியோ தங்கச்சியோ பிறப்பதற்கு நவம்பர் வரை நாள் இருந்தது. உறைபனியோ ஒக்டோபரில். இடையில் அந்த ஒரு மாதத்தை யார் காப்பாற்றுவது? காலையில் பள்ளிக்கூடம் போகுமுன் யன்னலில் மூக்கை ஒட்டவைத்து, ஓட்டையால் ஒரு குளவியாவது வெளியே வந்த பிறகுதான் சப்பாத்துப் போடுவேன். இலைகள் சிவக்கத் தொடங்கியபோது வகுப்பில் மற்றப் பிள்ளைகள் அவற்றைப் பொறுக்கிப் புத்தகத்தில் வைத்தார்கள், நான் ஒக்டோபருக்கு இன்னும் எத்தனை நாள் என்று எண்ணினேன்.

ஒக்டோபர் நடுவில் ஒரு காலை, இன்றிரவு உறைபனி என்று வானொலி சொன்னது. பள்ளிக்கூடத்தால் வந்ததும், அம்மா படுத்திருந்த நேரம் பார்த்து, என் அறையிலிருந்த மேசை விளக்கைத் தூக்கிக்கொண்டுபோய், பின்கதவுக்கு வெளியே ஒரு கதிரையை வைத்து, அதன்மேல் ஒரு பெட்டியை வைத்து, கூட்டுக்கு நேர் கீழே விளக்கை ஏற்றிவைத்தேன். கூட்டில் அசைவே இல்லை. செத்துவிட்டனவாக்கும் என்று நினைத்தேன். கதவை ஒருக்களித்து வயரை உள்ளே விட்டு, சமையலறை நிலத்தில் குந்தியிருந்து, "அம்மாளாச்சி, நவம்பர் மட்டும்" என்று கும்பிட்டுக்கொண்டிருந்தேன்.

அரைமணி நேரத்தில் இரைச்சல் தொடங்கியது. சூடு ஏறிய குளவிகள் ஒவ்வொன்றாக இறங்கி விளக்கைச் சுற்றி, பிறகு கதவிடுக்கால் உள்ளேயும் வந்தன. நான் கத்தியதைக் கேட்டு அம்மா, அந்த எட்டு மாத வயிற்றோடு ஓடிவந்து, என்னைத் தன் சேலைத் தலைப்பால் மூடி முன்வாசலால் இழுத்துக்கொண்டு வீதிக்கு ஓடினார். எனக்கு மூன்று இடத்தில் கொட்டியிருந்தது. அம்மாவின் கழுத்திலும் கையிலும் எத்தனை என்று யாரும் எண்ணவில்லை. வேலையால் வந்து காரை நிறுத்திய அப்பா, இறங்காமலே அவரை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்.

மிஸிஸ் டோரா என்னைத் தன் சமையலறையில் இருத்தி, சோடாத்தூளைக் குழைத்துப் பூசி, பிஸ்கட்டும் தந்தார். கடிக்காமல் கையிலேயே வைத்திருந்தேன். நான்தான் பிள்ளையைக் கொன்றுவிட்டேன் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. அதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. தமிழில் சொல்ல ஆளில்லை. என் வாழ்க்கையில் அதற்குப் பிறகும் ஆஸ்பத்திரி வாசல்களில் எத்தனையோ தரம் காத்திருந்திருக்கிறேன், ஆனால் அந்த மூன்று மணித்தியாலம் வேறு.

அம்மா வீங்கிய முகத்தோடு வந்தார். வயிற்றுக்குள் பிள்ளையின் இதயம் நன்றாக அடிக்கிறதென்று டொக்டர் சொன்னாராம். பேச்சு விழும் என்று நான் ஒடுங்கி நிற்க, அவர் கேட்டது ஒன்றுதான்.

"ஏன் பிள்ளை லைட்டை வைச்சனீ?"

"குளிருக்குக் குளவி எல்லாம் செத்துப்போகுமாம். அப்பாவுக்கும் தெரியும்."

அம்மா அப்பாவைத் திரும்பிப் பார்த்தார். "எப்ப தொட்டுத் தெரியும்?"

"ஓகஸ்ட் மாசம் தொட்டு."

"ஏன் சொல்லேல்லை?"

"எப்பிடியப்பா உமக்குச் சொல்லுறது?"

அம்மா வயிற்றில் கை வைத்துக்கொண்டு, "சாகிறதெண்டால் சாகட்டும். என்ரை பிள்ளை ஒண்டும் குளவிக்குப் பிறக்கேல்லை" என்றார். வாய்தான் அப்படிச் சொன்னது. மறுநாள் காலை வெள்ளையாக விறைத்துக் கிடந்த படிக்கட்டில் செத்த குளவிகளைக் கூட்டி அள்ளிய அந்த மனுசி, ஒவ்வொரு தரமும் நிமிர்ந்து அந்த ஓட்டையைப் பார்த்தபடி நின்றார். தம்பி பிறக்கும் வரை அவர் ஒழுங்காகச் சாப்பிட்டதையோ தூங்கியதையோ நான் காணவில்லை.

நவம்பரில் தம்பி பிறந்தான். பிறந்தவுடன் போட்ட சத்தத்தில் தாதி காதைப் பொத்தினாராம்.

அந்த வீட்டை இடித்து, வளவை நிறைத்து ஒரு பெரிய வீடு கட்டிவிட்டார்கள். வேலிகூட இப்போது மரமில்லை, பிளாஸ்டிக். அப்பா போய்ப் பத்து வருடம். அம்மா இந்த மாசியில் போனார். தம்பிக்கு வயது ஐம்பதை நெருங்குகிறது. பிக்கரிங்கில் மனைவி பிள்ளைகளோடு இருக்கிறான். அவன் பிறந்து வளர்ந்து வீட்டைவிட்டுப் போன பிறகு, ஒவ்வொரு வருடமும் முதல் உறைபனி விழுந்த காலையில் அம்மா அவனுக்கு ஃபோன் எடுத்துச் சுகமோ என்று கேட்டுவிட்டுத்தான் தேத்தண்ணி குடிப்பார். ஏன் என்று அவனுக்கு ஒருநாளும் சொன்னதில்லை. சொன்னால் பலித்துவிடும் என்று பயம்.

போன கிழமை விடிய எழும்பியபோது காரின் கண்ணாடியெல்லாம் வெள்ளையாக உறைந்திருந்தது. நான் பட்டதாரி, இரண்டு பிள்ளைகளின் தாய், குளவிக்கும் மனிதருக்கும் ஒரு தொடர்பும் இல்லையென்று நன்றாகத் தெரிந்தவள். ஆனால் கை தானாக ஃபோனை எடுத்தது. முதல் மணி முழுதாக அடிப்பதற்குள் தம்பி எடுத்துவிட்டான்.

"சுகமாய் இருக்கிறியோடா?" என்றேன்.

"நான் ஓகே அக்கா" என்றான். பிறகு, "இந்த முறை ஆர் எடுக்கப்போகினம் எண்டு ஃபோனைக் கையிலை வைச்சுக்கொண்டு இருந்தனான்" என்றான்.