மாஸ்டர் பெயிலானார்

தெருமுனையில் எந்த வண்டி தாமதமாகப் பிரேக் பிடித்தாலும், ஜன்னலோர நாற்காலியில் இருக்கும் மாஸ்டரின் வலது கால் தரையை அழுத்துகிறது. கூடவே, "பிரேக்கை முன்னாடியே பிடிப்பா, என்ன அவசரம்?" என்று ஒரு அதட்டல். காலமெல்லாம் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். பழகுகிறவர் கையில் உயிரைக் கொடுத்துவிட்டுப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தே பிழைத்த மனிதர்.

வாதம் வந்ததிலிருந்து இடது பக்கம் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. "கை கொஞ்சம் மக்கர் பண்ணுது, அவ்வளவுதான்" என்பார். அந்த அவ்வளவுதானுக்குள் குளியல், உடை மாற்றுவது, கழிப்பறை எல்லாம் அடக்கம். அத்தனையும் மகள் தலையில். அவள் ரொட்டித் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறாள். தினமும் தாமதமாகப் போய் மேலாளரின் கடுகடு முகத்தில் விழிப்பாள். அவள் சம்பளத்தில் வீடு ஓடும், பராமரிப்புக்கு ஆள் வைக்கக் கட்டுப்படியாகாது. நல்லவேளையாக முதியோர் பராமரிப்பு நிதி என்று ஒன்று இருக்கிறது. மாஸ்டர் சம்பளத்திலும் அதற்குப் பிடித்திருக்கிறார்கள். இவரால் தனியாக முடியாது என்று ஆய்வாளர் நேரில் பார்த்துச் சொல்லிவிட்டால், ஆள் செலவில் பெரும்பகுதியை நிதியே ஏற்கும்.

ஆய்வாளர் அம்மாள் வந்த அன்று மாஸ்டர் அடித்த கூத்து இருக்கிறதே! தேர்வு என்றால் பாஸாக வேண்டும், அவர் அறிந்தது அவ்வளவே. தலையைப் படிய வாரி, பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து, சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து காட்டினார். தனியாகக் குளிப்பீர்களா என்றதற்கு, "பேஷா!" அந்த அம்மாள் போனதும் படுத்தவர் மறுநாளும் எழவில்லை. மனு தள்ளுபடியானது. "பாஸ் பண்ணிட்டேன் பாத்தியா?" என்று மகளிடம் கேட்டார். அவளுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

மறு ஆய்வுக்கு விண்ணப்பித்தாள். ஆய்வாளர் வருவதற்கு முந்தைய நாள், அப்பாவின் கால் நகத்தை வெட்டிக்கொண்டே சொன்னாள்: "நாளைக்கும் நீங்க பாஸானா நான் வேலையை விட்டுடணும்ப்பா. அப்புறம் ரெண்டு பேரும் என்னத்தைச் சாப்பிடறது?"

வெளியே ஒரு வண்டி கிறீச்சிட்டது. அவள் கையிலிருந்த வலது கால் அசையவில்லை.

மறுநாள் ஆய்வாளர் எழுந்திருக்கச் சொன்னபோது மாஸ்டர் நாற்காலியைப் பற்றியபடியே இருந்தார். "முடியாதும்மா. யாராவது தூக்கிவிடணும். குளிப்பாட்டறது, துணி மாத்தறது எல்லாம் எம் பொண்ணுதான்." அப்பா வாயால் முடியாது என்று மகள் கேட்டது அன்றுதான். மனசு வலித்தது, கூடவே பெரிய பாரம் இறங்கியது போலவும் இருந்தது.

அனுமதி வந்தது. அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இப்போது காலையில் ஒருவர் வருகிறார். அகலமான தோள், அதிகம் பேசாத ஆள். முதல் நாள் மகள் செருப்பை மாட்டிய பிறகும் வாசலிலேயே தயங்கி நின்றாள். அப்பா அந்த ஆளை ஏற இறங்கப் பார்த்தார். அதட்டி விரட்டப்போகிறார் என்றே அவள் பயந்தாள்.

"நீ கிளம்பும்மா, நேரமாகுது" என்றார் அவளிடம். பிறகு, சட்டையைக் கழற்றுவதற்குத் தோதாக, வலது கையால் தன் இடது கையைத் தூக்கி அந்த ஆளிடம் நீட்டினார்.