போர்வைக்குள் ஒரு நீலக் கைலி

ஒரு பழைய கைலித் துணி ஒரு குழந்தையை என்ன செய்துவிடும்?

ஒன்றும் செய்யாது என்று நான் யாரிடமும் சொல்வேன். படித்தவள். மலாக்கா டவுனில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். இப்போது பிரசவ விடுப்பில் இருக்கிறேன். ஆனால் என் மகள் இரண்டு முறை சேர்ந்தாற்போல் தும்மும்போது இதே கேள்வியை யாராவது கேட்டால், அந்தப் பதில் என் வாயிலிருந்து உடனே வராது. இதை எழுதும்போதே எனக்கு வெட்கமாக இருக்கிறது.

புக்கிட் காத்தில் பக்கம் ஒரு தாமானில், அதாவது குடியிருப்புப் பகுதியில், வரிசை வீடு எங்களுடையது. நான், கணவர், மாமியார். மாமியாரை அத்தை என்று கூப்பிடுவேன். மெர்லிமாவ் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். ஒட்டிய வீட்டில் ஓர் அக்காவும் அவர் கணவரும் இருக்கிறார்கள். கிறிஸ்தவர்கள். அக்கா உம்பாயில் ஒரு மீன் சாப்பாட்டுக் கடையில் கல்லாவில் உட்காருகிறார். சாயங்காலம் போய், கடை சாத்திய பிறகுதான் திரும்புவார். அவர்களுக்குக் குழந்தை இல்லை. அதைப் பற்றி அவர் பேசியதில்லை, நான் கேட்டதும் இல்லை.

என் முதல் கர்ப்பம் பாதியில் நின்றுவிட்டது. அன்று கணவர் ஜொகூரில் வேலையாக இருந்தார், அத்தை உறவினர் வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தார். நான் குளியலறையிலிருந்து அக்காவைத்தான் கூப்பிட்டேன். அவருடைய காரில் போனோம். சீட்டெல்லாம் நனைந்துவிட்டது என்று நான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே போனதாக ஞாபகம். "சீட்ட கழுவிக்கலாம்மா. நீ மூச்சு விடு, அது போதும்" என்றார். மருத்துவமனை நாற்காலியில் கணவர் வரும்வரை உட்கார்ந்திருந்தார். வேலைக்குப் போகவில்லை.

அப்போது எங்கள் வீட்டில் குழந்தைக்கான எல்லாமே தயாராக இருந்தது. தொட்டில், குட்டிக் காலுறை, மஞ்சள் சாயம் அடித்த அறை, எல்லாம் புதிது. அத்தை அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் பதில் பேசியிருப்பேன்.

அடுத்த முறை நான் கர்ப்பமானபோது மட்டும் சொன்னார். "இந்தத் தடவ பிள்ளைக்குன்னு ஒரு புதுத்துணி வாசப்படி தாண்டக்கூடாதும்மா. பிள்ளைங்க நல்லா இருக்கற வீட்டுல பழைய துணி கேட்டு வாங்கி, அதுலதான் சுத்தணும். எங்க தோட்டத்துல ஒரு பிள்ள தவறிப்போன வீட்டுல அப்படித்தான் செய்வாங்க."

எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் மறுக்கவும் பயம். அதனால் எல்லாருக்கும் பொதுவாக ஒரு வழி கண்டுபிடித்ததாக நினைத்தேன். வாங்கி வரும் துணிகளைச் சதுரமாக வெட்டி, ஒட்டுத்துணிப் போர்வையாகத் தைத்துவிடுகிறேன் என்றேன். போனில் அப்படிப்பட்ட போர்வைகளைப் பார்த்துப் பார்த்து ஆசைப்பட்டிருந்தேன். தையல் இயந்திரம் ஏற்கெனவே வெளியே இருந்தது. தீபாவளிக்குத் திரைச்சீலைகள் தைக்க வேண்டியிருந்தது. எங்கள் வீட்டில் தீபாவளிக்குப் பலகாரம் குறைந்தாலும் புதுத் திரைச்சீலை குறையக்கூடாது. ஒரு பக்கம் தங்க நிறத் திரைச்சீலை, இன்னொரு பக்கம் ஊரார் வீட்டுப் பழைய துணி. வயிறு இயந்திரத்தில் இடிக்க இடிக்க இரண்டையும் மாற்றி மாற்றித் தைத்தேன்.

அத்தைக்கு ஏகக் குஷி. வரிசையில் ஒவ்வொரு வீட்டுக் கேட்டிலும் நின்று கேட்டார். வீடுகளுக்குத் தரம் பிரித்து வைத்திருந்தார். முனை வீட்டு மலாய் அம்மா, மக்சி என்று கூப்பிடுவோம், அவருக்குத்தான் முதலிடம். "அந்த வீட்டுப் பிள்ளைங்க எல்லாம் தங்கம் மாதிரி இருக்கு. ஒருத்தனுக்கு இருமல் வந்துகூட நான் பாத்ததில்ல." மக்சி ஒரு பை நிறையப் பேரன்களின் சட்டைகளைக் கொடுத்து, "அம்பில் லா, அம்பில்" என்று இன்னும் எடுத்துக்கொள்ளச் சொல்லி வற்புறுத்தினாராம். என் அலுவலகத் தோழி ஒருத்தியும் எங்கள் தாமானில்தான் இருக்கிறாள். அவள் வீட்டிலும் கேட்டிருக்கிறார். அவள் அலுவலகத்துக்கே ஒரு பையைக் கொண்டுவந்து, எல்லார் முன்னாலும் என் மேசையில் வைத்தாள். "உங்க அத்தை கேட்டாங்கடி. என் பையன் பைஜாமா. ஓட்டை இருக்கு, பரவாயில்லையா?" காது சூடாகிவிட்டது எனக்கு. இதுதான் பெரிய வெட்கம் என்று அன்று நினைத்தேன்.

அடுத்த சனிக்கிழமை காலை பக்கத்து வீட்டு அக்கா எங்கள் கேட்டருகே வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை.

"உங்க அத்தை என் வீட்ட மட்டும் மறந்துட்டாங்க போல" என்றார் சிரித்துக்கொண்டே. "பரவாயில்ல லா, நானே கொண்டுவந்துட்டேன். எத்தன வீடு ஏறி இறங்குவாங்க பாவம்."

பையில் ஒரு பாத்திக் கைலி இருந்தது. நீலத்தில் பழுப்புப் பூ. துவைத்துத் துவைத்து வெண்ணெய் மாதிரி ஆகியிருந்தது.

"ரொம்ப நாளா வச்சிருந்தேன். யாருக்குன்னு தெரியாமலே. உனக்குத்தான் போலிருக்கு."

நான் நன்றி சொன்னேன். அத்தை மறந்துவிடவில்லை என்பது எனக்குத் தெரியும். அக்காவுக்கும் தெரியுமா என்பது தெரியாது.

உள்ளே அத்தை கைலியை விரித்துப் பார்த்தார். என் முகத்தை வைத்தே யார் கொடுத்தது என்று புரிந்துகொண்டார்.

"நல்ல மனசு அதுக்கு. ஆனா இத மட்டும் வைக்காதம்மா."

"ஏன் அத்தை?"

"ஏன்னு என் வாயால சொல்ல வைக்காத. நல்ல பொண்ணுதான். நான் குறை சொல்லல. எனக்குப் பயமா இருக்கு, அவ்வளவுதான்."

அப்போது நான் பேசியிருக்க வேண்டும். அந்தக் காரையும், அந்தச் சீட்டையும் பற்றியாவது சொல்லியிருக்க வேண்டும். "சரி அத்தை" என்றேன்.

ஆனால் அப்படியே விட்டுவிடவும் மனம் வரவில்லை. போர்வையின் மேல் பக்கம் சதுரங்கள். அடிப் பக்கம் மாமனாருடைய பழைய வேட்டி. நடுவில் மெத்தென்று இருக்க ஏதாவது வைக்க வேண்டும். அத்தை பசாருக்குக் காய்கறி வாங்கப் போன நேரத்தில் நீலக் கைலியை மடித்து நடுவில் வைத்து நாலு பக்கமும் தைத்துவிட்டேன். அத்தைக்குத் தெரியாது, அக்காவுக்கும் தெரியாது. ஒரு நல்ல காரியத்தைத் தைரியமாகச் செய்துவிட்ட மாதிரி அன்று எனக்கு ஒரு நிறைவு. இப்போது யோசித்தால், மற்ற எல்லாருடைய துணியும் வெளியே தெரிய, அவருடையதை மட்டும் ஒளித்து வைத்ததில் என்ன தைரியம்?

தீபாவளிக்குச் சில வாரங்கள் இருக்கும்போது மகள் பிறந்தாள். அந்தப் போர்வையில்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். கிளினிக்கிலிருந்து வீட்டுக்கு வந்து பார்த்த தாதி, வெளிச்சத்தில் குழந்தையைத் தூக்கிப் பிடித்து, மஞ்சளாக இருக்கிறது என்றார். குதிகாலில் குத்தி ரத்தம் எடுத்தார்கள். மருத்துவமனையில் நீல விளக்கின் அடியில் படுக்க வைத்தார்கள். பிறகு வீட்டுக்கு அனுப்பி, கிளினிக்குக்கு வந்து ரத்தம் பார்க்கச் சொன்னார்கள். மஞ்சள் அளவு ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. பிறந்த குழந்தைகளுக்கு இது சாதாரணம் என்று எனக்குத் தெரியும். கர்ப்பமாக இருந்தபோதே படித்திருக்கிறேன். கணவரிடம் நானே விளக்கிச் சொன்னேன்.

ஒரு மத்தியானம் அத்தை குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு முன் அறையில் இருந்தார். போர்வை என் கட்டிலில் கிடந்தது. நான் கதவைச் சாத்திவிட்டு, தையல் பிரிக்கும் ஊசியை எடுத்து, ஓர் ஓரத்தைப் பிரித்து, கைலியை உருவி எடுத்தேன். அதற்குப் பதில் ஒரு பழைய துண்டை வைத்துத் திரும்பத் தைத்தேன். அழவில்லை. பால் பாட்டில் கழுவுவதைப் போலச் செய்தேன். கைலியை என் அலமாரியில், சேலைகளுக்கு அடியில் வைத்தேன்.

அடுத்த முறை ரத்தம் பார்த்தபோது இறங்கியிருந்தது.

விளக்கும் தாய்ப்பாலும்தான் இறக்கின என்று எனக்குத் தெரியும். ஆனால் தாதி அந்தச் செய்தியைச் சொன்ன நொடியில் என் மனம் போன இடம் அலமாரி. நல்லவேளை எடுத்தேன் என்று நினைத்தேன். என்னை எனக்கே அடையாளம் தெரியாத நொடி அது.

தீபாவளி வந்தது. காலையிலிருந்து வீடு நிறைய ஆட்கள். குழந்தையை முன் அறையில் போர்வைமேல் படுக்க வைத்திருந்தார் அத்தை. அதைக் காட்டிக் காட்டி அவருக்கு ஓயவில்லை. மக்சி தன் பேரனின் சட்டைத் துண்டைக் கண்டுபிடித்து, அதன் மேலேயே குழந்தையின் கையைத் தூக்கி வைத்தார். தோழி தன் மகனை இழுத்து வந்து, "இது உன் பைஜாமாடா, பாரு, உனக்கே தராத மரியாதைய அதுக்குக் குடுத்திருக்காங்க" என்றாள். எல்லாரும் சிரித்தோம். நான் தைத்த சதுரங்களின் மூலைகள் ஒன்றுக்கொன்று சேராமல் இருந்ததைப் பற்றியும் சிரித்தோம்.

அக்கா சாப்பாட்டு நேரம் முடிந்த பிறகு வந்தார். புதுப் பஞ்சாபி சூட். "உங்க தீபாவளிக்கு நானும் புதுசு" என்றார். குழந்தையின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். முதலில் குழந்தையைப் பார்த்தார். பிறகு போர்வையைப் பார்த்தார். விரலை வைத்து வரிசை வரிசையாக, அவசரப்படாமல் பார்த்துக்கொண்டே போனார். கடைசி வரிசையும் முடிந்தது. ஓரத்தைத் தூக்கி அடிப் பக்கத்தைப் பார்த்தார். வெள்ளை வேட்டிதான் இருந்தது.

அவர் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒருவேளை நான் உண்மையைச் சொல்லியிருப்பேன்.

"உள்ள வச்சிருக்கேன்க்கா" என்றேன். "நடுவுல. மெத்துனு இருக்கட்டும்னு."

அவர் முகம் மாறிய விதத்தை எனக்கு எழுதத் தெரியவில்லை. போர்வையின் நடுவில் உள்ளங்கையை வைத்து மெதுவாக அழுத்தினார். உள்ளே இருந்த பழைய துண்டைத்தான் தடவிக்கொண்டிருந்தார்.

"ஆமா, தெரியுது" என்றார். "அதுவும் நல்லதுதான் லா. மேல போட்டா துவைக்கத் துவைக்கச் சாயம் போயிடும். உள்ள இருந்தா பிள்ள பெரிசாகற வரைக்கும் இருக்கும்."

நிமிர்ந்தபோது சமையலறை வாசலில் அத்தை முறுக்குத் தட்டோடு நின்றிருந்தார்.

போகும்போது அக்கா சொன்னார்: "கிறிஸ்மஸுக்குப் பிள்ளைய இந்தப் போர்வையோடயே தூக்கிட்டு வா. குடில் பக்கத்துல படுக்க வச்சு ஒரு போட்டோ எடுக்கணும்."

எல்லாரும் போன பிறகு அத்தை கேட்டார். "உள்ளயா வச்ச?"

"எடுத்துட்டேன் அத்தை."

"எப்ப எடுத்த?"

சொன்னேன். அவர் கணக்குப் போடுவது முகத்தில் தெரிந்தது. கண்ணை மூடி, குழந்தையின் நெற்றியில் கை வைத்தார். அதுவரை அது அவருக்கு ஒரு பயம் மட்டும்தான். அதற்கு நானே சாட்சி சொல்லிவிட்டேன். இனி யார் வந்து என்ன விளக்கினாலும் அவர் மாற மாட்டார். "பாவம் அந்தப் பொண்ணு" என்றார். கோபமில்லை. அவருக்கு அழுகை வந்துவிட்டது. ஆனால் கைலியைத் திரும்ப வை என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அதன் பிறகு அக்கா வேலைக்குப் போகும் முன் தினமும் ஒரு நிமிடம் எட்டிப் பார்க்கிறார். குழந்தையைத் தூக்குவதில்லை. போர்வையை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போகிறார். இன்று அவர் வீட்டுப் போர்ச்சில் நட்சத்திர விளக்குக்குக் கம்பி கட்டிக்கொண்டிருக்கிறார். சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டேதான் இதை எழுதுகிறேன்.

கைலியை யாருக்கும் தெரியாமல் திரும்ப உள்ளே வைத்துத் தைத்துவிட்டால், நான் சொன்ன பொய் உண்மையாகிவிடும். அரை மணி நேர வேலை. ஆனால் குழந்தைக்கு நாளை ஒரு காய்ச்சல் வந்தால் நான் மறுபடி அந்த ஊசியைத் தேட மாட்டேன் என்று என்னால் சத்தியம் செய்ய முடியவில்லை. எல்லாரும் பார்க்கும்படி மேலேயே தைக்கலாம். அத்தை அந்தப் போர்வையைக் குழந்தையின் பக்கத்தில் விடவே மாட்டார். அக்காவிடம் உண்மையைச் சொல்லலாம். சொன்னால் என் பாரம் இறங்கும். அவருக்கு என்ன மிஞ்சும்?

கணவரிடம் கேட்டேன். "ஒரு துணிக்கு இவ்ளோ யோசிக்கிறியே" என்றார். அவரைக் கேட்டது தப்பு.

அதனால் உங்களைக் கேட்கிறேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு துணியை வாங்கியிருக்கலாம், கொடுத்திருக்கலாம், அல்லது உங்கள் கேட்டை மட்டும் யாராவது தாண்டிப் போயிருக்கலாம். தாண்டிப் போகப்பட்டவர்கள் யாராவது இதைப் படித்தால், முக்கியமாக நீங்கள் எழுதுங்கள். உண்மை உங்களுக்குத் தெரிய வேண்டும் என்று விரும்புவீர்களா, அல்லது கைலி உள்ளே இருக்கிறது என்றே இருந்துவிடுவீர்களா? கிறிஸ்மஸ் அன்று நான் அந்தப் போர்வையோடு அவர் வீட்டுப் படி ஏறுவதற்குள் எனக்குத் தெரிந்தாக வேண்டும்.