ஜன்னல் திறந்திருந்த டேட்டா சென்டர்

காலை 6.10. வத்தலக்குண்டில் கொடைக்கானல் பேருந்து கிடைத்தது. பக்கத்து இருக்கையில் அய்யம்பாளையத்து விவசாயி ஒருவர். "மலைக்கு என்ன சோலியாப் போறீங்க?" என்றார். டேட்டா சென்டர் ஒன்று படுத்துவிட்டது, பார்க்கப் போகிறேன் என்றேன். "அப்படின்னா என்னங்க?"

சென்னையில் எனக்கு அதுதான் பிழைப்பு என்று விளக்கினேன். ஆளுயர இரும்பு ரேக்குகள், அவற்றில் அடுக்கடுக்காகக் கணினிகள். கரண்ட் போனால் பேட்டரி, அது தீருமுன் ஜெனரேட்டர். குளிர் மட்டும் போதாது, காற்றில் ஈரமும் அளவோடு இருக்க வேண்டும். அதில் சேமித்த எல்லாவற்றுக்கும் இன்னொரு பிரதி வேறு ஊரில். ஊர் உலகம் நம்பிக் கொடுத்ததைத் தொலைக்காமல் வைத்திருக்கத்தான் இத்தனையும்.

"சீக்காளியப் பாக்குற மாதிரில்ல பாக்குறீங்க!" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

காலை 9.00. ஏரிக்கு மேலே, இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து திரும்பிய குடும்பங்களின் காகிதங்களை ஸ்கேன் செய்து வைக்கும் சிறு அறக்கட்டளை. ஒரே அறை, ஒரே ரேக். நான்கு வருடம் முன்பு நான்தான் அமைத்துக் கொடுத்தேன். இரண்டாவது பிரதி மதுரைக்குப் போயிருக்க வேண்டும். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று அதையும் அதே ரேக்கில் சொருகிவிட்டு வந்தவனும் நான்தான்.

கதவைத் திறந்ததும் பூஞ்சை வாடை. ஏசி அணைந்திருந்தது. ஜன்னல் விரியத் திறந்திருந்தது.

பொறுப்பாளர் செல்வராஜ் கையைப் பிசைந்தார். "கொடைக்கானல்ல போயி ஏசி என்னத்துக்குங்க? ஜன்னலத் தொறந்தா சும்மாவே ஜில்லுன்னு கெடக்கு. கரண்டாவது மிச்சமாகும்னு நெனச்சேன்."

இந்த ஊரில் யார்தான் அப்படி நினைக்கமாட்டார்கள்? மழைக்காலம் முழுக்க மேகம் அந்த அறைக்குள் வந்து போயிருக்கிறது. கணினிகளின் மின்சுற்றுப் பலகைகளில் பச்சைக் களிம்பு. இரண்டு பிரதிகளும் இருந்த ஹார்ட் டிஸ்க்குகளை மாட்டிப் பார்த்தேன். இரண்டிலும் கறகறவென்று உள்ளே சுரண்டும் சத்தம். அந்தச் சத்தத்துக்குப் பிறகு எதுவும் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்ய ஐந்நூறு கிலோமீட்டர் வந்திருக்கிறேன்.

பகல் 12.00. வாசலில் மாரியாயி காத்திருந்தார். பூண்டியில் பூண்டுத் தோட்டக் கூலி. மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. அகதியாக அல்ல, தாயகம் திரும்பியவராகத் தன் அப்பா வந்ததற்கான அட்டையைக் காட்டினால்தான் கல்லூரி கேட்கும் சான்றிதழ் கிடைக்கும். நாளை கடைசி நாள். அசல் அட்டை போன மழையில் கூரை ஒழுகி நைந்துபோய்விட்டது.

"ஐயா, எங்கப்பா கப்பல்ல வரக்குள்ள மடியில கட்டிக் கொண்டாந்த அட்டைங்க. இந்த மிசின்ல போட்டா அழியவே அழியாதுன்னு அன்னைக்கு நீங்கதானே சொன்னீங்க?"

சொன்னேன்தான். "போயிடுச்சும்மா" என்றேன். என் வாழ்நாளில் இவ்வளவு கேவலமாக நான் உணர்ந்ததில்லை. அவர் திட்டியிருந்தால் தேவலை. முந்தானையைச் சரிசெய்துகொண்டு இறங்கிப் போனார்.

மாலை 3.30. பேருந்து நிலையம். சென்னையில் நான் காவல் காக்கும் கட்டடத்தில், யாரோ மதியம் சாப்பிட்ட பிரியாணியின் படத்துக்கு மூன்று பிரதிகள் இருக்கும். ஒரு மனிதர் இந்த மண்ணில் கால் வைத்ததற்கு ஒன்றுகூட இல்லை.

பூண்டி பேருந்துக்கு நின்றிருந்த மாரியாயி மகளிடம் போனில் பேசுவது கேட்டது. "ஏ புள்ள, அந்தப் பெட்டியக் கட்ட வேணாம். நாளைக்கு வெள்ளனே எந்திரி. பூண்டு புடுங்க ஆள் பத்தலையாம்."

என் பேருந்து வந்தது. அவரிடம் சொல்லிக்கொள்ளாமலே ஏறிவிட்டேன்.