பத்து வரை திருப்பினாலும்

கிட்டார் வாசிக்கிறவர்கள் மத்தியில் அவளுக்குக் 'கண்ட்ரோல் அக்கா' என்று பெயர். வீட்டில் அவள் எதையும் கண்ட்ரோல் செய்ததில்லை என்பது வேறு விஷயம். ஆம்ப்ளிஃபையரில் சத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு குமிழைத் திருப்புகிறோமே, அதற்குப் பின்னால் இருக்கிற சின்னச் சாமானைத்தான் தொழிலில் கண்ட்ரோல் என்பார்கள். அது சரசரவென்று இரைய ஆரம்பித்தால், பெட்டியைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறி, மூச்சு வாங்க அவள் கதவைத்தான் தட்டுவார்கள்.

ரேடியோ தொழிற்சாலையில் ஒன்பது வருஷம் வரிசையில் உட்கார்ந்து ஈயத்தை உருக்கிப் பற்றவைத்தவள். தொழிற்சாலையை இழுத்து மூடியபோது அவளுக்கு மிஞ்சியது அந்தக் கைப்பழக்கம் ஒன்றுதான். வீட்டு முன்னறையில் ஒரு மேசையைப் போட்டு ரிப்பேர் வேலையை ஆரம்பித்தாள். கண்ட்ரோலுக்குள் வளைவாக ஒரு கரித்தடம் உண்டு, அதன்மேல் ஓர் உலோக விரல் நகரும். வெளியே மூன்று கால்கள். ஒரு காலில் சத்தம் மொத்தமாக வந்து இறங்கும். இன்னொரு கால் தரைக்கு, அதாவது எர்த்துக்குப் போகும். நடுக்கால், விரல் நிற்கிற இடத்துக்குத் தகுந்தபடி தன் பங்கை வாங்கிக்கொண்டு போகும். தடத்தில் தூசு என்றால் ஸ்ப்ரே அடித்து நாலு திருப்பு திருப்பினால் போதும். தேய்ந்துபோயிருந்தால் மாற்றத்தான் வேண்டும். அதிலும் ஒரே சீராக ஏறுவது ஒரு ரகம், காதுக்கு ஏற்றபடி மெல்ல ஆரம்பித்துக் கடைசியில் ஏறுவது இன்னொரு ரகம். ரகம் தெரியாமல் மாட்டினால் தொட்டவுடனே சத்தம் பாயும், அப்புறம் எவ்வளவு திருப்பினாலும் பெரிதாக ஏறாது. இதெல்லாம் அவளுக்குத் தூக்கத்தில் கேட்டாலும் வரும்.

வீட்டுக்காரர் அவளுக்கு வாய்த்ததும் ஒரு சரசரப்பில்தான். இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் பெட்டியோடு வந்து நின்றார். அன்றைக்கு நிஜமாகவே தூசுதான். ஸ்ப்ரே அடித்துக் கொடுத்தாள். சோதித்துப் பார்க்கிறேன் என்று அரை மணி நேரம் வாசித்துக் காட்டினார். சுமாரான வாசிப்பு. அது அவளுக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்துதான் கட்டிக்கொண்டாள், அதனால் யாரையும் குறை சொல்ல அவளுக்கு வாயில்லை.

கல்யாணமான மறுவருஷத்திலிருந்து, மேடையில் அவர் விரல் தப்புகிற போதெல்லாம் பெட்டிக்குக் கெட்ட பெயர். தப்பான சுரம் விழுந்தவுடன் திரும்பி ஆம்ப்ளிஃபையரை ஒரு முறை முறைப்பார், ஏதோ அதுதான் அவர் கையைத் தட்டிவிட்டது மாதிரி. வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஆரம்பிப்பார்.

"கண்ட்ரோல் மறுபடியும் சரசரங்குது. ஊரான் பெட்டியெல்லாம் நல்லாப் பாக்குற. கட்டின புருஷன் பெட்டின்னா உனக்கு இளக்காரம்."

அவள் மாற்றினாள். ஒரு தடவை, இரண்டு தடவை இல்லை, பதினோரு தடவை. கழற்றிய ஒவ்வொன்றையும் மீட்டரில் வைத்துப் பார்ப்பாள். முள் தண்ணீர் மாதிரி வழுக்கிக்கொண்டு போகும், கோளாறு என்று சொல்ல ஒரு துள்ளல் இருக்காது. பிறகு மாற்றுவதையும் விட்டுவிட்டாள். மூடியைத் திறந்து, ஒரு தட்டு தட்டி, திரும்ப மூடிவிடுவாள். அதற்கும் ஒரு வாரத்துக்கு அவருக்கு எல்லாம் சரியாகத்தான் இருக்கும். "கோளாறு உங்க விரல்ல" என்று நாக்கு நுனிவரை வந்ததை ஒவ்வொரு முறையும் விழுங்கினாள். மகள்கூடப் பள்ளிக்கூட நாட்களிலேயே கேட்டாள், "அம்மா, அப்பா நல்லா வாசிப்பாரா?" என்று. "சாப்பிட்டு எழுந்திரு" என்றாள் இவள்.

போன மாதம், அவர் பல் டாக்டரிடம் போயிருந்த நேரம் பார்த்து, அவர்களுடைய குழுவை நடத்துகிற கீபோர்டுக்காரன் வந்தான். அவளைவிட வயதில் சின்னவன். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"அண்ணி, ஹோட்டல்ல ஒரு வருஷத்துக்குப் பேசியிருக்கோம். ஆனா அண்ணனை வேண்டாம்னுட்டாங்க. அன்னிக்கு அங்க வாசிச்சுக் காட்டினோமே, கிட்டார்ல விழுற தப்பு சாப்பிடறவங்களுக்கே தெரியுதாம். எனக்கும் மனசு வரல, அண்ணி. இருபது வருஷம் கூட வாசிச்ச மனுஷன்."

"அதை அவர்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா தாங்குவாரா?" என்றான். பிறகு குரலை இறக்கி, "நீங்க மனசு வச்சா அவர் வரலாம். பெட்டியில சத்தம் வெளியே கேக்காத மாதிரி ஏதாவது பண்ணுங்க. அவருக்கு மட்டும் கேட்டாப் போதும். கிட்டார் சத்தம் கீபோர்டுலயே இருக்கு, நான் பாத்துக்கறேன்."

அவளுக்குச் சுரீர் என்றது. வெளியே போடா என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். சொல்லியிருந்தால் கதை அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் நாளையிலிருந்து அந்த மனுஷன் வேலையில்லாமல் இந்த முன்னறை நாற்காலியில் உட்கார்ந்து, வருகிறவன் போகிறவனிடமெல்லாம் பழைய மேடைக் கதைகளைச் சொல்லிக்கொண்டிருப்பதை நினைத்தாள். எரிச்சல் வந்தது. அதே நாற்காலியில் ஒன்றுமே பேசாமல் உட்கார்ந்திருப்பதையும் நினைத்தாள். அதைப் பார்க்க அவளால் முடியாது.

"நாளைக்கு ரெடியாயிடும்" என்றாள்.

மறுநாள் அவர் மத்தியானத் தூக்கத்தில் இருந்தபோது வேலையை முடித்தாள். பிளக்கைப் பிடுங்கி, உள்ளே தங்கியிருந்த மின்சாரத்தை இறக்கினாள். குமிழை உருவி, நட்டைக் கழற்றி, பழைய கண்ட்ரோலை வெளியே எடுத்தாள். புதியதை மாட்டுவதற்கு முன், சத்தம் வந்து இறங்குகிற அந்த முதல் காலில், வருவதைத் தடுத்துக் குறைக்கிற ஒரு ரெசிஸ்டரைச் சேர்த்தாள். அரிசி மணியைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். இனி குமிழை முழுசாகப் பத்துக்குத் திருப்பினாலும் பழைய இரண்டைத் தாண்டாது. பக்கத்தில் நிற்கிறவருக்குக் கேட்கும், பத்தடி தள்ளி டிரம்ஸுக்குள் அமுங்கிவிடும். வேறு மெக்கானிக் திறந்தாலும் சந்தேகம் வராதபடி கறுப்பு உறை போட்டு மூடினாள். இவ்வளவு சுத்தமாக அவள் எந்த வேலையும் செய்ததில்லை. அதுவே அவளுக்கு அசிங்கமாக இருந்தது.

"இது வேற ரகம்" என்று அவரிடம் சொன்னாள். "மெதுவாத்தான் ஏறும். எட்டு, ஒன்பதுன்னு தாராளமா வச்சுக்கலாம். சரசரக்காது."

"முதல்லயே இதைப் போட்டிருக்கலாம்ல?" என்றார் அவர்.

முதல் நாள் மாலை அவளும் ஹோட்டலுக்குப் போனாள். செய்த வேலை சரியாக இருக்கிறதா என்று பார்க்கத்தான். பரிமாறுகிறவர்கள் போய் வரும் கதவோரமாக ஒரு நாற்காலி கிடைத்தது. மேடையில் அவர் குமிழை ஒன்பதில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, தோளை ஆட்டி வாசித்தார். அவள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். அவர் வாசித்த ஒரு சுரம்கூட அந்த நாற்காலிவரை வரவில்லை. கூடம் முழுக்க நிறைந்த கிட்டார் கீபோர்டுக்காரனின் வலது கையிலிருந்து வந்துகொண்டிருந்தது. பிசிறில்லாத வாசிப்பு. கடைசிப் பாட்டில் அவர் தனியாக வாசிக்கும் கட்டம் வந்தது. இரண்டு இடத்தில் விரல் தப்பியதைக் கண்ணால்தான் பார்த்தாள். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கரண்டியை வைத்துவிட்டுக் கைதட்டினார்கள். கூடத்திலிருந்து திரும்பி வந்த சத்தத்தை அவர் தன்னுடையது என்றே நம்பினார், அது முகத்தில் தெரிந்தது. கைதட்டலுக்கு ஓரடி முன்னால் வந்து குனிந்தார். இந்தத் தடவை பெட்டியை முறைக்கவில்லை.

முடிந்ததும் வேர்வையோடு நேரே அவளிடம் வந்தார். கல்யாணத்துக்குப் பிறகு ஒரு நாளும் அவளிடம் கேட்காத கேள்வியை அன்றைக்குக் கேட்டார்.

"கடைசிப் பாட்டுல தனியா வாசிச்சேனே, எப்படி இருந்துச்சு?"

பின்னால் ஒயர்களைச் சுற்றிக்கொண்டிருந்த கீபோர்டுக்காரன் தலையை நிமிர்த்தவே இல்லை.

அவரை அறைய வேண்டும்போல இருந்தது அவளுக்கு. அங்கேயே உட்கார்ந்து அழ வேண்டும்போலவும் இருந்தது.

"ரொம்பத் தெளிவா இருந்துச்சுங்க" என்றாள்.

"அதான் பாரு!" அவர் கீபோர்டுக்காரனைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "இத்தனை வருஷமா எல்லாரும் தப்பு என் மேலன்னு நெனச்சீங்க, தம்பி. எல்லாம் இவ பாத்த ரிப்பேர். இன்னிக்குத்தான் இவ வேலை கத்துக்கிட்டிருக்கா." பிறகு அவள் தோளில் கை வைத்துச் சொன்னார்: "இனிமே இந்தப் பெட்டியில மட்டும் கை வைக்காத."