சிகரெட்டே தொடாத என் கணவர்

அப்போது எனக்கு நான்காவது மாதம். வேங்கிக்காலில் வீட்டிலிருந்தபடியே ஐ.டி. வேலை. துணி காயப்போடும் சாக்கில் மாடிக்குப் போய், மலையைப் பார்த்தபடி சிகரெட் பிடிப்பதை மட்டும் விட முடியவில்லை. கணவருக்குத் தெரியும், மாமியாருக்குத் தெரியாது.

பரிசோதனைக்கு மாமியாரும் வந்தார். பிரசவம் பார்க்கும் சிஸ்டர் அவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, சாப்பாட்டைப் பற்றி விசாரிப்பதுபோலவே கேட்டார்: "சிகரெட், புகையிலை எதாவது உண்டாம்மா? எல்லார்கிட்டயும் கேக்கறதுதான்."

உண்மையைச் சொல்லிவிட்டுத் திட்டு வாங்கத் தயாரானேன். அவரோ குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்கவைத்தார்.

"கம்மி பண்ணா போதாது, நிறுத்திடும்மா. புடிக்கணும்னு தோணுச்சுன்னா எனக்கு போன் போடு."

வெளியே வந்து மாமியாரிடம், "வீட்ல சிகரெட் வாசமே வரக்கூடாதுங்க" என்று மட்டும் சொன்னார்.

மாலையில் கணவர் செருப்பைக் கழற்றுவதற்குள் மாமியார் பிடித்துக்கொண்டார். "புள்ளத்தாச்சி இருக்கிற வீட்ல சிகரெட்டாடா?"

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "இனிமே புடிக்கமாட்டேம்மா."

அன்றிலிருந்து எனக்கு ஆசை எழும்போதெல்லாம் சிஸ்டரின் போன்தான் அடித்தது.

இப்போது மகள் பள்ளிக்குப் போகிறாள். தன் மகன் சொன்ன சொல் தவறாதவன் என்று மாமியார் இன்றும் ஊரெல்லாம் சொல்கிறார். அந்தப் பெருமை யாருடையது என்று சிஸ்டரையும் சேர்த்து எங்கள் மூன்று பேருக்குத்தான் தெரியும்.