ஊன்றுகோலுக்குக் கால் கழுவிய நாட்கள்

பெரியம்மாவின் கால் ஒரு மானால் முறிந்தது. வெளியூரில் இதைச் சொன்னால் கதை விடுகிறேன் என்பார்கள். திருகோணமலைக்காரர் மட்டும் எந்த இடத்தில் என்று கேட்பார்கள். காடு என்று ஒன்று இருப்பதையே எங்கள் ஊர் மான்கள் மறந்து வெகுகாலம். கடற்கரை வீதியில் மாடுகளைப்போல நின்று சோற்றுப் பார்சலுக்குக் காத்திருக்கும். துறைமுகத்துக்கு அருகே ஓர் அரசாங்க அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருந்த பெரியம்மா ஒரு பின்னேரம் வேலை முடிந்து வெளியே வந்தபோது, அவற்றில் ஒன்று அவருடைய பைக்குள் தலையை விட்டது. அவர் பையை விடாமல் பின்னுக்கு நடந்தார். பின்னால் மூடியில்லாத கழிவுநீர்க் கான் இருந்தது.

அப்போது எனக்கு ஒன்பது வயது. பெரியம்மா என் அம்மாவின் அக்கா, கலியாணம் செய்யாதவர். வீடு அவருடையது. அம்மாவும், ஓட்டோ ஓட்டும் அப்பாவும், நானும் அவரோடு இருந்தோம். ஆகவே வீட்டுச் சட்டங்களும் அவருடையவை. முதலாவது சட்டம், வெளியில் நடந்த எதுவும் கழுவாமல் உள்ளே வரக்கூடாது என்பது. அதற்கென்றே வாசற்படியருகில் பைப்பும் வாளியும் இருந்தன. கால் கழுவிவிட்டு உள்ளே போவது எல்லா வீட்டிலும் உள்ளதுதான். பெரியம்மா அத்தோடு நிற்கமாட்டார். அப்பா காஸ் சிலிண்டர் கொண்டுவந்தால் அதன் அடியையும் கழுவவேண்டும். என் புத்தகப்பை பள்ளிக்கூடத் தரையில் இருந்துவிட்டு வருவதால் அதற்கும் ஈரத்துணி. இவ்வளவும் உள்ளே இருந்த சிவப்புச் சீமெந்துத் தரைக்காக. வெள்ளிக்கிழமைதோறும் கழுவி, பொலிஷ் போட்டு, குனிந்தால் முகம் தெரியும்படி வைத்திருந்தார். அலுமாரிக்குள் இருந்த நகையைவிட அந்தத் தரையில்தான் அவருக்குப் பெருமை.

ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே பிளாஸ்டர் போட்டு, இரண்டு ஊன்றுகோல்களும் கொடுத்தார்கள். எலும்பு பொருந்தி நிற்கிறது, இன்னொரு தரம் விழுந்து அது அசைந்தால் வெட்டித் தகடு வைக்க வேண்டிவரும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். பெரியம்மா எதற்கும் பயந்து நான் கண்டதில்லை. ஆனால் கத்திக்குப் பயம். அவருடைய அப்பா ஒப்பரேஷனுக்குப் போய்த் திரும்பி வராதவர். "வெட்டுறதெண்டால் நான் நொண்டியாவே இருந்திட்டுப் போறன்" என்று அம்மாவிடம் சொன்னார். அது பகிடி இல்லை என்று எனக்கே விளங்கியது.

ஊன்றுகோலில் நடக்கப் பழக்கியவர் கிண்ணியாவிலிருந்து வேலைக்கு வரும் ஓர் இளம்பெண். நாங்கள் பிசியோ மிஸ் என்போம்.

"பாரத்தைக் கையில குடுங்க அன்ரி, கக்கத்தில குடுக்க வேணாம். படி ஏறக்குள்ள நல்ல கால் முதல். இறங்கக்குள்ள பொல்லும் நொந்த காலும் முதல்" என்று நாலு தரம் சொன்னார். வீட்டில் கால்மிதிகளை எல்லாம் எடுத்துவிட வேண்டும், நல்ல காலுக்கு வழுக்காத செருப்புப் போடவேண்டும், ஈரத்தில் பொல்லை ஊன்றவே கூடாது என்றும் சொன்னார். பெரியம்மா எல்லாவற்றுக்கும் ஓம், ஓம் என்றார். செருப்பு என்ற சொல்லுக்கு மட்டும் கொஞ்சம் மெதுவாக ஓம் என்றார்.

வீட்டு வாசலுக்கு வந்ததும் நின்றுவிட்டார். ஊன்றுகோல் முனைகளில் இருந்த ரப்பர் ஆஸ்பத்திரி நிலமெல்லாம் மிதித்துவிட்டு வந்திருந்தது.

"பொல்லுக்குமா மச்சாள்?" என்றார் அப்பா.

"றோட்டில நடந்ததுதானே. அதுவும் கால்தான்" என்றார் பெரியம்மா.

அன்றைக்கே எனக்கு வேலை கிடைத்தது. படிக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் கதிரை போடப்பட்டது. பெரியம்மா வெளியே போய்வந்தால் அதில் உட்காருவார். நான் இரண்டு ரப்பர் முனைகளையும் சவர்க்காரம் போட்டுக் கழுவி, அப்பாவின் பழைய சாரத்துண்டால் ஈரம் போகத் துடைத்துக் கொடுக்க வேண்டும். செருப்புப் பிரச்சினைக்கும் வழி கண்டுபிடித்தார். வெளியில் ஒருநாளும் போகாத புதுச் செருப்பு ஒன்று வீட்டுக்குள் வந்தது. சோடியாக வாங்கியதில் மற்றது பெட்டிக்குள்ளேயே இருந்தது. இதையெல்லாம் பிசியோ மிஸ்ஸிடம் யாரும் சொல்லவில்லை. மறைத்தோம் என்றில்லை. கால் கழுவுவதைப் போய் யார் டொக்டர்மாரிடம் சொல்வார்கள்?

மூன்று கிழமை நான் ஒழுங்காகத் துடைத்தேன். உண்மையைச் சொன்னால் அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. பெரியம்மா போன்ற ஒருவர், நான் அனுமதி கொடுக்கும்வரை தன் வீட்டுக்குள்ளேயே போகமுடியாமல் கதிரையில் இருப்பார். எந்தப் பிள்ளைக்கு அது பிடிக்காது?

நாலாம் கிழமை பள்ளிக்கூட விடுமுறை. அவர் கிளினிக் போய் அப்பாவோடு திரும்பி வந்தபோது உள்ளே டிவியில் என் கார்ட்டூன் போய்க்கொண்டிருந்தது. வாசலுக்கு ஓடினேன். முனைகளைக் கழுவினேன். துணியைக் காணவில்லை, அம்மா அதைத் தோய்த்து மதிலோரக் கொடியில் காயப்போட்டிருந்தார். அங்கே போய்வர ஒரு நிமிடம்கூட ஆகாது. நான் ஊன்றுகோல்களை இரண்டு உதறு உதறி நீட்டினேன்.

"துடைச்சனியோ?" என்று கேட்டார். அவர் குனிந்து வீட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

"ஓம்" என்றேன்.

படியில் ஒன்றும் நடக்கவில்லை. உள்ளே மூன்றாவது எட்டில் வலப்பக்கக் கோல் அந்தக் கண்ணாடித் தரையில் சறுக்கிக்கொண்டு போனது. பெரியம்மா அலுமாரியைப் பிடிக்கப் பார்த்தார், எட்டவில்லை. பக்கவாட்டில் விழுந்தார். பிளாஸ்டர் தரையில் இடித்த சத்தம் இப்போதும் எனக்குக் கேட்கும். அவர் கத்தவில்லை. குசினிக்குள் இருந்து அம்மா ஓடிவந்தார், வெளியே ஓட்டோவைத் திருப்பிக்கொண்டிருந்த அப்பாவும் ஓடிவந்தார்.

நான் எதிர்ப்பக்கம் ஓடினேன். கொடியில் இருந்த துணியை இழுத்தெடுத்து, வாளிக்குள் முக்கிப் பிழிந்து, பைப்பின்மேல் போட்டேன். பாவித்த துணி மாதிரியே இருந்தது. பிறகுதான் உள்ளே வந்து அழுதேன். அழுகை பொய்யில்லை. ஆனால் துணியை நனைத்துவிட்டுத்தான் அழுதேன் என்பதை இன்றைக்கும் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

ஆஸ்பத்திரி வாங்கில் உட்கார்ந்து எக்ஸ்ரேக்காகக் காத்திருந்தபோது அம்மா என் கையைப் பிடித்தபடியே இருந்தார். வெட்டாமல் விட்டால் சாகும்வரை கார்ட்டூன் பார்க்கமாட்டேன் என்று எனக்குத் தெரிந்த எல்லாச் சாமிக்கும் நேர்ந்தேன். எலும்பு அசையவில்லை என்று வந்தது. பிளாஸ்டர்தான் வெடித்திருந்தது. அதை வெட்டி எடுத்துப் புதிதாகப் போட்டார்கள். அன்று பின்னேரம் நேர்த்திக்கடனில் எனக்குச் சந்தேகம் வந்தது வேறு கதை.

பிசியோ மிஸ் வந்து, எப்படி விழுந்தீர்கள் என்று கேட்டார். அப்போதுதான் கால் கழுவும் கதை வெளியே வந்தது.

"பிள்ளை துடைச்சுத்தான் தந்தது. ரப்பர் தேஞ்சு போச்சுப்போல" என்றார் பெரியம்மா.

மிஸ் ஊன்றுகோலைத் தலைகீழாகப் பிடித்து ரப்பரை விரலால் தடவிப் பார்த்தார். "புதுசாத்தானே இருக்கு அன்ரி. வரியெல்லாம் அப்படியே இருக்கே" என்றவர், என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன்.

"அப்ப தரைதான் சரியில்லை" என்றார் பெரியம்மா. "நான்தான் பொலிஷைக் கூடப் போட்டிட்டன்."

அந்தத் தரையைப் பற்றி அவர் ஒரு குறை சொல்லி அதற்கு முதல் யாரும் கேட்டதில்லை. அப்பா அம்மாவைப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்ததும் நான் வாளியடிக்குப் போனேன். "விடு பிள்ளை. நான் இப்பிடியே வாறன்" என்று பெரியம்மா கதிரையில்கூட இருக்காமல் படி ஏறினார், நல்ல கால் முதல். சிவப்புத் தரையில் வாசலிலிருந்து அறைவரை ரப்பர் முனைகளின் கறுப்பு வட்டங்கள் இரண்டிரண்டாகப் போயின. அறை வாசலில் நின்று, "பைப்பில கிடக்கிற துணியைக் கொண்டுபோய் வெயில்ல போடு. நல்லா நனைஞ்சிருக்கு" என்றார். போட்டேன்.

சட்டம் ஊன்றுகோலுக்கு மட்டும்தான் தளர்ந்தது. அப்பா காஸ் சிலிண்டரைக் கழுவாமல் கொண்டுவந்து பார்த்து, வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டார். வெள்ளிக்கிழமைகளில் அம்மா தரையைக் கழுவப்போனால், பொல்லு போகட்டும், பிறகு கழுவலாம் என்று தடுத்துவிடுவார். இன்னும் ஆறு கிழமை அந்த வட்டங்களுக்கு நடுவில் பெரியம்மா ஒன்றும் சொல்லாமல் இருந்தார். வலி அவரை இளக்கிவிட்டது என்று அம்மா சொன்னார். நானும் அப்படித்தான் நினைத்தேன். கழுவுகிற வேலை போனதில் கொஞ்சம் கவலை, அகப்படாமல் தப்பியதில் பெரிய நிம்மதி. துணியை நனைத்த என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

கால் நேராகப் பொருந்திவிட்டது. பெரியம்மா இப்போது ஓய்வூதியக்காரர். இன்னும் நன்றாக நடக்கிறார். சென்ற மாதம் என் மகளின் பந்து அலுமாரிக்கு அடியில் உருண்டுபோய்விட்டது. எடுப்பதற்காக அந்தத் தரையில் பக்கவாட்டில் படுத்துக் கையை உள்ளே விட்டேன். அவர் விழுந்து கிடந்த அதே இடம். தலையைத் திருப்பினால் திறந்திருந்த வாசலுக்கு வெளியே படி தெரிந்தது. வாளி தெரிந்தது. பைப்பும் அதற்கப்பால் மதிலோரக் கொடியும் முழுசாகத் தெரிந்தன.

"என்ன பிள்ளை, விழுந்திட்டியோ?" என்று கதிரையிலிருந்து பெரியம்மா கேட்டார்.

"இல்லை பெரியம்மா. பந்து எடுக்கிறன்" என்றேன். உடனே எழும்ப ஏலாமல் கொஞ்சநேரம் அப்படியே கிடந்தேன்.

காலை முறித்துக்கொண்டு கிடக்கும் ஒருவருக்குத் தன் காலைத் தவிர வேறொன்றும் தெரியாது என்றுதான் நான் எண்ணியிருந்தேன். அந்த வலிக்குள்ளும் என்னைப் பார்ப்பதற்கும், பார்த்ததை ஒருவருக்கும் சொல்வதில்லை என்று முடிவெடுப்பதற்கும் அவருக்கு நேரம் இருந்தது என்பது ஒன்பது வயதில் எனக்குத் தெரியாது.