கண்தான் போய்விட்டது என்று நினைத்தேன்

தென்காசியிலிருந்து குற்றாலத்துக்கு வேன் ஓட்டுகிறேன். எட்டாவதோடு படிப்பை விட்டவன். எதற்கெடுத்தாலும் பயப்படுகிற ஆள். ஓய்வு நேரத்தில் கம்ப்யூட்டரில் பஸ் ஓட்டும் கேம் ஆடுவேன். அதற்காகவே ‘அடாப்டிவ் சிங்க்’ என்ற வசதி உள்ள மானிட்டரைக் கூடுதல் விலைக்கு வாங்கினேன்.

முதல் நாளே, வளைவில் பஸ்ஸைத் திருப்பியதும் படம் குறுக்கே வெட்டியதுபோல் இரண்டாக விலகியது. கண்ணைக் கசக்கிப் பார்த்தும் அப்படியேதான் தெரிந்தது. கண்தான் போய்விட்டது என்று கம்ப்யூட்டரை அணைத்துவிட்டேன். என் கண்ணை நம்பித்தானே ஐந்தருவிக்குக் குடும்பம் குடும்பமாக ஏறுகிறார்கள்? டாக்டரிடம் போனால் லைசென்ஸ் போய்விடுமோ என்று அதற்கும் பயம். சீசன் நேரத்தில், வண்டி ரிப்பேர் என்று பொய் சொல்லிப் படுத்துவிட்டேன்.

மனைவி துருவித் துருவிக் கேட்டு உண்மையை வாங்கிவிட்டாள். “அந்தக் கேமப் போடும், நானும் பாக்கேன்” என்று பக்கத்தில் உட்கார்ந்தாள். பஸ் திரும்பியது. “ஆமா, எனக்கும் ரெண்டாத்தான் தெரியுது.”

“ஐயோ, ஒனக்குமாட்டி?” என்று அலறினேன்.

“ரெண்டு பேருக்கும் ஒண்ணா கண்ணு போவுமா? கிறுக்கு மனுசா, மானிட்டரப் பாரும்!”

கடைக்காரருக்குப் போன் செய்தோம். கேமின் வேகமும் மானிட்டரின் வேகமும் ஒத்துப்போகாவிட்டால் படம் அப்படிக் கிழியுமாம். “அண்ணாச்சி, அந்த ரெண்டு வேகத்தையும் ஒத்துப்போக வைக்கத்தான் அடாப்டிவ் சிங்க். செட்டிங்ஸ்ல ஆன் பண்ணுனியளா?” என்றார். பண்ணவில்லை. பண்ணியதும் சரியாகிவிட்டது.

கேம் ஆடுகிறவர்களுக்கு அந்தக் கூடுதல் விலை தகும், மற்றவர்களுக்கு வேண்டாம். இப்போது கண்ணில் ஏதாவது வித்தியாசமாகப் பட்டால் உடனே மனைவியைக் கூப்பிடுகிறேன். அவளுக்கும் தெரிந்தால் பொருளைச் சோதிப்பேன். எனக்கு மட்டும் தெரிந்தால், லைசென்ஸ் போனாலும் சரி, வேனை எடுக்காமல் கண் டாக்டரிடம் போவேன்.